மலைக்கு ஒரு நீதிபதி

அமெரிக்காவில் நீதிபதியும் வாக்குக் கேட்டு வீதிக்கு வருகிறார். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு வாக்குரிமை வந்தே முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. நீதிபதி எங்கிருந்து வரவேண்டும், யார் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

2022 நவம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் பெண்ட் கவுண்ட்டி மக்கள் வாக்களித்தார்கள். ஆளுநரில் தொடங்கி உள்ளூர்ப் பதவிகள் வரை நீளும் பட்டியல் அது. அதில் 240ஆவது மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி பதவியும் ஒன்று. ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற வழக்கறிஞர் சுரேந்திரன் கே. பட்டேல், குடியரசுக் கட்சி வேட்பாளரை வென்று 2023 ஜனவரி 1ஆம் தேதி நீதிபதியாகப் பதவியேற்றார்.

அவர் பிறந்தது கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், பளால் என்ற மலையோரக் கிராமத்தில். பெற்றோர் தினக்கூலிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காளோடு உட்கார்ந்து பீடி சுற்றுவார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பு நின்றது. ஓராண்டு முழுநேர பீடித் தொழிலாளி. பிறகு கல்லூரியில் சேர்ந்தார். வேலைக்கும் போக வேண்டியிருந்ததால் வருகைப்பதிவு குறைந்தது. தேர்வெழுத விடமாட்டோம் என்றார்கள் ஆசிரியர்கள். ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதினார். முடிவு வந்தபோது வகுப்பில் அவர்தான் முதல். கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரியில் படித்த காலத்தில் ஓட்டலில் அறை துப்புரவு வேலை பார்த்துக் கட்டணம் கட்டினார். ஹொஸ்துர்க்கில் வக்கீல் தொழில், பிறகு டெல்லி. செவிலியரான மனைவிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்து 2007இல் ஹூஸ்டன் போனபோது, பத்தாண்டுக்கும் மேலாக வாதாடிப் பழகிய அந்த மனிதருக்கு அங்கே கிடைத்தது மளிகைக் கடை வேலை. டெக்சாஸ் வழக்கறிஞர் தேர்வு எழுதித் தேறினார். 2017இல்தான் அமெரிக்கக் குடியுரிமை. 2020இல் நீதிபதி பதவிக்கு நின்று தோற்றார். 2022இல் தம் கட்சியின் உட்தேர்தலில், பதவியில் இருந்த நீதிபதியையே வென்றார். பிரச்சாரத்தில் அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தார்கள் என்று அவரே பின்னர் சொன்னார்.

இந்தக் கதையைக் கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் கடைத்தெருவில் சொன்னால், பீடி சுற்றியவர் நீதிபதியானதை யாரும் ஆச்சரியமாகப் பார்க்கமாட்டார்கள். பிள்ளை படித்தால் மேலே வரும், அது தெரிந்த சங்கதி. நீதிபதி ஓட்டுக் கேட்டார் என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுபோகும். ஓட்டுக்குக் கைகூப்பி வந்தவர், நாளைக்கு ஓட்டுப் போடாதவனுடைய கேஸை எப்படி விசாரிப்பார்? சரியான கேள்வி. அமெரிக்கர்கள் இரு நூற்றாண்டுகளாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று முதலில் முடிவு செய்த மாநிலம் மிசிசிப்பி, ஆண்டு 1832. ஆளுநர்கள் தங்களுக்கு வேண்டியவர்களையும் கட்சிக்கு உழைத்தவர்களையும் நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்ததைப் பார்த்துச் சலித்தவர்கள் கண்ட மாற்று அது. நியூயார்க் 1846இல் அதே வழிக்கு வந்தது. இன்று பெரும்பான்மையான மாநிலங்களில் ஏதாவது ஒரு மட்டத்தில் நீதிபதி தேர்தல் உண்டு. முறைதான் ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க் நகரத்திலேயே சிவில் நீதிமன்ற நீதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். குற்றவியல் நீதிமன்ற நீதிபதியை மேயர் நியமிக்கிறார். சென்னையில் பிறந்து பதினாறு வயதில் அமெரிக்கா போன ராஜ ராஜேஸ்வரி 2015இல் அந்த நகரத்தின் குற்றவியல் நீதிமன்ற நீதிபதியானது மேயரின் நியமனத்தால். அவர் ஓட்டுக் கேட்கவில்லை. டெக்சாஸிலோ வேட்பாளர் கட்சிப் பெயரோடு நிற்கிறார். நான்காண்டு முடிந்தால் மறுபடி வாக்காளர் முன் வரவேண்டும்.

டெக்சாஸில் ‘கவுண்ட்டி ஜட்ஜ்’ என்று தனியாக ஒரு பதவியும் இருக்கிறது. பெரிய கவுண்ட்டிகளில் அவர் வழக்கு விசாரிப்பது அபூர்வம். பட்ஜெட், சாலை, வெள்ள நிவாரணம் என்று கவுண்ட்டியின் நிர்வாகத்துக்கே தலைவர். நம் மாவட்ட ஆட்சியரை மக்கள் ஓட்டுப் போட்டு வைத்தால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி. ஆள்பவரும் நியாயம் சொல்பவரும் ஒருவராகவே இருந்த பழங்காலத்தின் மிச்சம் இது. அந்தப் பழங்காலம் கல்வராயன் மலையில் எப்போது முடிந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தேர்தல் வந்தால் செலவு வரும். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாகியிருந்தது. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்பது தெரிந்த நிலையில், 2004இல் நடந்த அந்த நீதிமன்றத்தின் நீதிபதி தேர்தலில் நிறுவனத்தின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் 30 லட்சம் டாலர் செலவிட்டார். அவர் ஆதரித்த பிரெண்ட் பெஞ்சமின் வென்றார். மேல்முறையீடு வந்தபோது விலகிக்கொள்ள மறுத்து பெஞ்சமின் அமர்வில் உட்கார்ந்தார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறுவனம் தப்பியது. அந்த மூன்றில் ஒன்று பெஞ்சமினுடையது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல், அவர் விலகியிருக்க வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது. நான்கு நீதிபதிகள் அதற்கும் உடன்படவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத செய்தி. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஓர் இடத்துக்கு நடந்த தேர்தலில் இருதரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 10 கோடி டாலர் இறைத்தன. எலான் மஸ்க் பணத்தோடு நேரிலும் வந்தார். அவர் ஆதரித்தவர் தோற்றார். ஆனாலும் ஒரு நீதிபதி நாற்காலிக்கு அத்தனை பணம் பாய்ந்தது பாய்ந்ததுதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் அது நியாயமில்லை. ஃபோர்ட் பெண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹாரிஸ் கவுண்ட்டியில் 2018 தேர்தலில் மட்டும் 17 கறுப்பினப் பெண்கள் நீதிபதிகளானார்கள். காலங்காலமாக யார் கண்ணிலும் படாதவர்களை வாக்காளர் பார்த்தார். உச்சரிப்பு சரியில்லை என்று ஒதுக்கப்பட இருந்த சுரேந்திரன் பட்டேலையும் வாக்காளர்தான் பார்த்தார். வேறு கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது தேர்தல் ஒரு கதவைத் திறக்கிறது. இதை நம் மலையோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் நீதி சொல்பவரை மக்கள் தேர்ந்தெடுத்ததே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்த முறை இருந்தது. கிராம நீதிமன்றச் சட்டம் 1889இல் வந்தபோது, சிறு கடன் வழக்குகளைக் கிராம முன்சீப் விசாரித்தார். அதே ஆள்தான் வரியும் வசூலித்தார். பதவியும் பரம்பரையாக வந்தது. 1920இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஊர்மக்கள் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து நீதிமன்றங்களுக்கு வழி செய்தார்கள். வக்கீல் தேவையில்லை, செலவு குறைவு, சாட்சி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார் என்று நல்ல அம்சங்கள் பல. ஆனால் ஊரில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர் கைதான் அந்த நீதிமன்றத்திலும் ஓங்கியது. நிலம் வைத்திருந்தவர், பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவர், அவர்களுக்குள் இருந்த கோஷ்டி. சேரியிலிருந்து ஒருவர் பிராது கொண்டுபோனால் என்ன கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு அவை மெல்ல வழக்கொழிந்தன. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது.

அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் நீதிபதியைத் தேர்தலுக்கு அனுப்பாததற்கு அந்த ஊர் நீதிமன்றங்களில் கண்ட அனுபவமும் காரணமாக இருந்திருக்கலாம். நிர்வாகத்திலிருந்து நீதியைப் பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 50ஆவது பிரிவில் எழுதிவைத்தார்கள். சமவெளியில் அது நடந்தது. மலையில்?

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் கச்சிராயபாளையம். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. கள்ளக்குறிச்சியின் இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் கோமுகி அணை. அணையைத் தாண்டினால் மலைப்பாதை. கரியாலூர், வெள்ளிமலை என்று ஏறிக்கொண்டே போகலாம். மேலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் இறங்கும். கீழிருந்து அரிசியும் துணியும் மருந்தும் ஏறும். மலையின் வழக்குகளும் இந்த அடிவாரத்தைத் தாண்டித்தான் இறங்குகின்றன.

மலையில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைக்கக் கூடாது. பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் வழிவழிக் கதைகள் அவர்களிடம் உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர். ஜாகீர்தார் வரி வாங்கினார்; நிலம் யாருக்கு என்று சொன்னார்; தகராறு வந்தால் தீர்ப்பும் அவரிடம்தான். வெள்ளைக்காரன் வந்து போனான், ஜமீன்தாரி ஒழிந்தது, இந்தியா குடியரசானது. மலையில் ஜாகீர் இருந்தது. 1976 ஜூன் 25ஆம் தேதிதான், நாடு நெருக்கடி நிலையில் இருந்தபோது, மலை நேரடியாக அரசின் கீழ் வந்தது. நாட்டின் மற்ற பகுதிகளில் உரிமைகள் பறிபோயிருந்த நாட்களில் இந்த மலைக்கு மட்டும் ஒரு விடுதலை வந்தது என்பது வரலாற்றின் விநோதம்.

விடுதலை வந்ததும் ஓட்டு வந்துவிடவில்லை. மலைமக்களுக்கு வாக்குரிமை 1996இல்தான் கிடைத்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் எங்கோ பழைய ஏட்டிலிருந்து தோண்டி எடுக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றமே 2024இல் ஒரு வழக்கில் சுட்டிக்காட்டியவை இவை. பக்கத்துத் தாலுகாவில் தாத்தா 1952 முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருப்பார். மலையில் பேரன்தான் முதல் ஓட்டுப் போட்டான். நாற்பத்து நான்கு ஆண்டுகள் இடைவெளி.

அந்த வழக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாடே பதறியது. பதற்றத்தில் எல்லாருடைய விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. சாராயம் காய்ச்சுகிற மலை என்ற பழைய பெயர் அதற்கு இருந்தது. கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது மெத்தனால். ஆலைகளுக்கான அந்த ரசாயனம் மலையில் விளைவதில்லை, மலையில் காய்ச்சவும் முடியாது. அந்த நேரத்தில் மூத்த வழக்கறிஞர் கே.ஆர். தமிழ்மணி ஒரு யூடியூப் பேட்டியில் மலைமக்களின் வரலாற்றையும் நிலைமையையும் விரிவாகப் பேசினார். அது நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோரின் கவனத்துக்கு வந்தது. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவமனை, பள்ளி, ரேஷன் என்று ஒவ்வொன்றாக அரசைக் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கட்டும் என்றும் சொன்னது.

ஒரு வழக்கறிஞர் பேசினார், இரண்டு நீதிபதிகள் காது கொடுத்தார்கள். அந்த மூவரையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மலையின் குறை நீதிமன்றத்தை எட்ட, கீழே அறுபது பேர் சாகவும் சென்னையில் ஒருவர் பேட்டி கொடுக்கவும் வேண்டியிருந்தது என்பதை விழுங்க முடியவில்லை. மலையில் ஒரு நீதிபதி இருந்து, வாரம் ஒருமுறையாவது ஊர்ஊராகப் போய் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் எவ்வளவோ முன்பே காதில் விழுந்திருக்கும்.

மலையில் இருந்து கோர்ட்டுக்குப் போவது என்றால் என்ன என்று சமவெளிக்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. வாய்தா தேதிக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்க வேண்டும். அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, வக்கீல் குமாஸ்தா செலவு. மதியம் வரை மரத்தடியில் நின்றால், அடுத்த வாய்தா தேதியைச் சொல்லி அனுப்புவார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு கீழேயே கிடக்க வேண்டும். பெண்களாக இருந்தால், கைக்குழந்தையோடு இருந்தால், சொல்லவே வேண்டாம். ஒரு சின்ன நிலத் தகராறுக்காக இந்தப் பாட்டை ஆண்டுக்கணக்கில் பட முடியுமா? முடியாது. அதனால்தான் மலையில் பல தகராறுகள் ஊர்க் கவுண்டர், நாட்டார் முன்னிலையில் பேசித் தீர்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு, அபராதமும் ஒதுக்கிவைப்பதும் உண்டு. அங்கே பெண்ணின் பேச்சு எத்தனை தூரம் எடுபடும் என்பது தனிக் கேள்வி.

தானாகக் கோர்ட்டுக்குப் போவது குறைவு. கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போகப்படுவதுதான் அதிகம். சாராய கேஸ், ஃபாரஸ்ட் கேஸ், செம்மர கேஸ். வேலை என்று சொல்லி மலைப் பையன்களை லாரி ஏற்றி ஆந்திரக் காட்டுக்கு அனுப்பும் தரகர்கள் பலர் வெளியே இருக்கிறார்கள். கடப்பையிலும் திருப்பதியிலும் ரிமாண்டில் கிடப்பவன் இருபது வயதுக் கூலிக்காரன். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதற்குப் பிறகும் அந்த லாரிகள் நிற்கவில்லை. வேறு பிழைப்பு வராதபோது எப்படி நிற்கும்?

பிடிபட்டவனுக்கு ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வருவது எளிதல்ல. ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும்; அவர்களிடம் சொத்துப் பத்திரம் வேண்டும், தாசில்தார் சான்று வேண்டும். ஜாகீர் காலத்திலிருந்து பட்டா இல்லாமல் உழுதுகொண்டிருப்பவன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாருக்கு ஜாமீன் கொடுத்த உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை வைத்துக்கொண்டு, கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டது. அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார் என்று அவர் பிணையையும் ஏற்கவில்லை. 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஏழையிடம் சொத்து கேட்பதும், வெளியூர்க்காரனுக்கு உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பதும் அநியாயம் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. மலைக்காரர்கள் இன்னும் அதே இரண்டு காரணங்களுக்காக உள்ளே கிடக்கிறார்கள்.

இலவசச் சட்ட உதவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பழங்குடியினருக்கு வருமான வரம்பு கூடக் கிடையாது. கேட்டால் வக்கீல் தந்தாக வேண்டும். கச்சிராயபாளையத்துக்கு மேலே எத்தனை வீடுகளுக்கு இது தெரியும்? இதைப் படிக்கும் மலைப்பகுதி ஆசிரியர்களும் செவிலியர்களும் ஊராட்சித் தலைவர்களும் இந்த ஒரு செய்தியையாவது வாய்வழியாகப் பரப்பினால் நான் மகிழ்வேன்.

சரி, நீதிபதியை எங்கிருந்து கொண்டுவருவது? கல்வராயனுக்கு வடக்கே ஜவ்வாது மலை. அங்கே புதூர்நாட்டுக்கு அருகில் புலியூர் என்ற ஊரைச் சேர்ந்தவர் ஸ்ரீபதி. இதே மலையாளிப் பழங்குடி. ஏலகிரியில் பள்ளிப் படிப்பு, பிறகு சட்டம். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கும் அவருடைய பிரசவத்துக்கும் நாள் ஏறத்தாழ ஒன்றாக வந்தது. 2023 நவம்பரில் குழந்தை பெற்ற இரண்டாம் நாளில், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் காரில் பயணம் செய்து சென்னைக்குப் போய்த் தேர்வெழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. 23 வயதில், தமிழ்நாட்டின் முதல் பழங்குடிப் பெண் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார்.

பளாலிலிருந்து கிளம்பியவர் ஓட்டின் வழியாக உள்ளே போனார். புலியூரிலிருந்து கிளம்பியவர் தேர்வின் வழியாக. யாருக்கும் கடன்படாமல், எந்த ஊர்க் கோஷ்டிக்கும் கும்பிடு போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் ஸ்ரீபதி. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த வழி அகலமாக இருக்கிறதா என்றால், இல்லை. குறுகிக்கொண்டு வருகிறது.

2025 மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத இனி குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து நேரே வருபவர்களுக்கு அனுபவம் போதவில்லை என்பது காரணம். காரணத்தில் உண்மை இருக்கிறது. நீதிமன்றத்தில் கால் தேய நின்றவருக்குத்தான் வழக்காடுபவரின் வலி தெரியும். ஆனால் வெள்ளிமலையிலிருந்து வரும் ஒரு பெண் அந்த மூன்றாண்டை எப்படிக் கடப்பாள்? ஜூனியருக்குச் சீனியர் கொடுப்பது பல இடங்களில் பஸ் காசுக்குக் கூடக் காணாது. வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பாவின் அலுவலகம் இருக்கிறது. இவளுக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்? விடுதி வாடகை, கறுப்புக் கோட்டு, புத்தகம் எல்லாவற்றுக்கும் மலையிலிருந்து மரவள்ளி விற்று அப்பா அனுப்ப வேண்டும்.

கல்வராயன் மலை வழக்கைக் கையிலெடுத்த அதே இரு நீதிபதிகள், அதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 ஜூனில் இன்னோர் உத்தரவு போட்டிருந்தார்கள். ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை கொடுக்கப்பட வேண்டும் என்பது அந்த உத்தரவு. அதைப் பார் கவுன்சில் கறாராக நிறைவேற்றினால், கள்ளக்குறிச்சி கோர்ட்டில் ஒரு மலைப் பெண் மூன்றாண்டு தாக்குப்பிடிக்கலாம். நிறைவேறாவிட்டால், மூன்றாண்டு விதி மலைப் பிள்ளைகளின் முகத்தில் சாத்தப்பட்ட கதவாகிவிடும். பழங்குடி நலத்துறை தன் பங்குக்கு இந்த மூன்றாண்டுக்கென்றே ஓர் உதவித்தொகை வைத்தால் அரசின் கஜானா காலியாகிவிடாது.

மெக்சிகோவில் 2025 ஜூன் 1ஆம் தேதி நடந்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். உச்ச நீதிமன்றம் வரைக்கும் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அந்த நாடு தேர்தல் வைத்தது. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். யாருக்குப் போடுவது என்று எழுதிய துண்டுச்சீட்டுகள் ஊரெங்கும் புழங்கின. ஆனால் அதிக வாக்குகள் பெற்று உச்ச நீதிமன்றத்தின் தலைவரானவர், ஒஹாகா மலைநாட்டின் மிஸ்டெக் பழங்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் உகோ அகிலார் ஒர்டிஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெனிட்டோ ஹுவாரெஸ் அந்தப் பதவியில் இருந்ததற்குப் பிறகு ஒரு பழங்குடியினர் அங்கே உட்காருவது இப்போதுதான். தேர்தல் முறை ஓட்டை உடைசலாக இருந்தும் ஒரு மலைமகனை மேலே கொண்டுவந்தது. நம்முடைய முறை அதைவிடத் தூய்மையானது என்று சொல்லிக்கொள்ளும் நாம், உயர் நீதிமன்றங்களில் பழங்குடி நீதிபதிகளைத் தேடிப்பார்த்தால் தலைகுனிய வேண்டியிருக்கிறது. ஓட்டு வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு, என்னையும் சேர்த்து, ஒரு கடமை வருகிறது: ஓட்டில்லாமலே மலையிலிருந்து நீதிபதிகள் வருவதற்கு வழி காட்ட வேண்டும்.

வழி சட்டப்புத்தகத்திலேயே இருக்கிறது. கிராம நியாயாலயங்கள் சட்டம், 2008. நடைமுறைக்கு வந்தது 2009 அக்டோபர் 2. ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு நீதிமன்றம் என்ற கணக்கில் அமைக்கலாம். அதன் நீதிபதி தேர்தலில் வருபவர் அல்ல. முதல்நிலை நடுவருக்குரிய தகுதி உள்ளவர், உயர் நீதிமன்றத்தைக் கலந்து அரசு நியமிப்பவர். அவர் தலைமையிடத்திலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை கிராமங்களுக்குப் போய் அங்கேயே விசாரிக்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்ற வழக்குகளும் சிறு சிவில் வழக்குகளும் அவரிடம். விசாரணையும் தீர்ப்பும் மாநில மொழியில். உள்ளூர்ப் பெரியவர்களைச் சமரசம் பேச வைக்கலாம். ஆனால் தீர்ப்பு நீதிபதியுடையது, அதற்கு மேல்முறையீடும் உண்டு. நீதிபதிகளை நியமிக்கும்போது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் தரவேண்டும் என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. ஊர்க் கவுண்டருக்கு உள்ள அருகாமையும், கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு உள்ள சட்டக் கட்டுப்பாடும் ஒரே இடத்தில். அண்டை மாநிலங்களான கேரளமும் கர்நாடகமும் இந்த நீதிமன்றங்களை அமைத்திருக்கின்றன. தமிழ்நாடு அமைக்கவில்லை, தாலுகா நீதிமன்றங்களே போதும் என்பது இங்கே சொல்லப்படும் வாதம். அந்த வாதம் கும்பகோணத்துக்குப் பொருந்தலாம். வெள்ளிமலைக்குப் பொருந்தாது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டம், பெசா. மலைக்கு ஓட்டு வந்த அதே 1996இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஊர்வழக்கப்படித் தகராறுகளைத் தீர்த்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அது தருகிறது. ஆனால் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்த அட்டவணையில் ஒரு மலையும் இல்லை. கல்வராயனும் இல்லை, ஜவ்வாதும் இல்லை, கொல்லியும் இல்லை. சேர்க்கச் சொல்லி மலைமக்கள் அமைப்புகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆளுநர், ஒன்றிய அரசு, குடியரசுத் தலைவர் என்று அது நீண்ட பாதை. கேட்பதை நிறுத்தக் கூடாது, ஆனால் அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

கிராம நியாயாலயத்துக்கு அவ்வளவு நீண்ட பாதை இல்லை. கல்வராயன்மலை தனி ஊராட்சி ஒன்றியம். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் பிறந்தபோது தனித் தாலுகாவும் ஆகியிருக்கிறது. சட்டம் கேட்கும் அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் நிலப்பரப்பு. மாநில அரசு உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். வெள்ளிமலையில் ஓர் அறை, ஒரு நீதிபதி, இரண்டு ஊழியர்கள், மலைப்பாதையில் ஏறக்கூடிய ஒரு ஜீப். கல்வராயன் வழக்கில் அரசு தாக்கல் செய்யும் அறிக்கைகளில் சாலைக்கும் பேருந்துக்கும் அடுத்த வரியாக இதையும் சேர்க்கும்படி, அந்த வழக்கில் ஆஜராகும் வழக்கறிஞர்கள் கேட்க வேண்டும்.